புகைக்க விட்டவரும் குற்றவாளிதான்

பொது இடத்தில் பீடியோடு பிடிபட்டவரிடம் 200 ரூபாய் தண்டம் வாங்குகிறோம். அவர் நின்றது எந்த ஓட்டலின் கூடத்திலோ, எந்த அலுவலகத்தின் படிக்கட்டிலோ, அந்த இடத்துக்குப் பொறுப்பானவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்தியாவில் பொது இடப் புகைத் தடை இத்தனை காலமாக நடந்துவரும் லட்சணம் இதுதான். இது அநீதி என்று சொல்வதற்காகவே இந்தத் தலையங்கம். பிடித்தவர் செய்த தப்பு சிறியது. பிடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டவர் செய்த தப்பு பெரியது. சட்டப் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் யாரும் புரட்டுவதில்லை.

பொது இடப் புகைக்கு எதிரான முக்கிய வழக்கு எர்ணாகுளத்தில் நடந்ததால், கதையை இங்கிருந்து சொல்வதுதான் முறை. ஆனால் அதற்கு முன்பு நம் சட்டங்கள் புகையை எப்படிப் பார்த்தன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1975-இல் சிகரெட் சட்டம் ஒன்று வந்தது. புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு என்று பெட்டியின் மேல் அச்சிடச் சொன்னதுதான் அதன் முக்கிய வேலை. அந்த எச்சரிக்கை, பெட்டியைக் கையில் வைத்திருப்பவருக்கு. பக்கத்தில் உட்கார்ந்து அதே புகையை இழுப்பவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் பக்கத்தில் இருப்பவரைக் கண்டுகொண்டது, ஆனால் எப்படி? 167-ஆம் பிரிவு சொல்வது இது: சக பயணி யாராவது ஆட்சேபித்தால் அந்தப் பெட்டியில் புகைபிடிக்கக் கூடாது. மீறினால் 100 ரூபாய் வரை தண்டம். ஆட்சேபித்தால்தான் தடை. ஆட்சேபிக்காவிட்டால்? நள்ளிரவில் நான்கு ஆண்கள் உள்ள பகுதியில் தனியாகப் பயணம் செய்யும் பெண் எப்படி ஆட்சேபிப்பாள்? ஆஸ்துமாவில் இழுத்துக்கொண்டிருக்கும் முதியவர் வாயைத் திறந்து எப்படிச் சண்டை போடுவார்? மூச்சுத் திணறுகிறவனே எழுந்து நின்று, எனக்கு மூச்சுத் திணறுகிறது என்று மன்றாட வேண்டும் என்று ஒரு சட்டமே எழுதிவைத்திருந்தது. கெடுப்பவனுக்கு இயல்பான உரிமை, கெடுக்கப்பட்டவனுக்குக் கெஞ்சும் உரிமை.

இத்தனைக்கும் அப்போது அறிவியல் பேசி முடித்திருந்தது. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா 90,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டார். தாங்கள் புகையிலையைத் தொடாதவர்கள், ஆனால் கணவர் அதிகமாகப் புகைபிடிப்பவர். அப்படிப்பட்ட மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. சிகரெட் கம்பெனிகள் அதைப் பொய்யாக்கப் படாத பாடு பட்டன. முடியவில்லை. 1986-இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையும் அதையே சொன்னது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய கணக்கின்படி புகையிலை ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்கிறது. அதில் சுமார் 16 லட்சம் பேர் புகைபிடிக்காதவர்கள். அடுத்தவர் விட்ட புகையால் செத்தவர்கள்.

இந்த நிலையில்தான் ராமகிருஷ்ணன் எதிர் கேரள அரசு என்ற வழக்கு எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இன்றைய பல மாடிக் கட்டடம் அப்போது இல்லை. கொச்சி அரசர்கள் கட்டிய ராம் மோகன் அரண்மனையில்தான் நீதிமன்றம் நடந்தது. தேவகோட்டையில் பிறந்த ஏ.ஆர். லட்சுமணன், கே. நாராயண குருப் ஆகிய இருவரும் அமர்ந்த அமர்வு 1999 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. பொது இடத்தில் சிகரெட், சுருட்டு, பீடி எதைப் பிடித்தாலும் அது சட்டவிரோதம், அரசமைப்புக்கு விரோதம், வாழும் உரிமையைத் தரும் 21-ஆவது பிரிவை மீறும் செயல். புகைபிடிக்காதவரின் உயிருக்கு விலை உண்டு என்று இந்த நாட்டில் ஒரு நீதிமன்றம் இவ்வளவு திட்டவட்டமாகச் சொன்னது அன்றுதான்.

அந்தத் தீர்ப்பில் நமக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. டெல்லி 1996-இலேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தது. கேரளத்தில் அப்படி எதுவும் இல்லை. சட்டமன்றம் இயற்றட்டும், அதுவரை பொறுங்கள் என்று நீதிபதிகள் வழக்கைத் தள்ளிவிட்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தையே எடுத்துப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்குத் தீங்கு வரும்படி காற்றைக் கெடுப்பது 278-ஆம் பிரிவின்படி குற்றம், 500 ரூபாய் வரை தண்டம். தோல் பதனிடும் கொட்டகைக்கும் எலும்பு எரிக்கும் சூளைக்கும் பொருந்துகிற அந்தப் பிரிவு, உதட்டில் எரியும் சிகரெட்டுக்கு ஏன் பொருந்தாது? பொருந்தும் என்றார்கள். பொதுத்தொல்லை என்ற குற்றத்துக்குள்ளும், காற்று மாசுச் சட்டத்தின் வரம்புக்குள்ளும் அது வருகிறது என்றார்கள். மாவட்ட ஆட்சியர்கள் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி தடை ஆணை பிறப்பிக்க வேண்டும், காவல்துறைத் தலைவர் தன் கீழுள்ளவர்களுக்கு வழக்குத் தொடுக்க உத்தரவிட வேண்டும், எங்கும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார்கள். பள்ளி, மருத்துவமனை, கடை, உணவகம், பூங்கா, பேருந்து நிலையம், நெடுஞ்சாலை வரை பொது இடம் என்றே கொண்டார்கள். நூற்று முப்பத்தொன்பது ஆண்டுகளாகச் சட்டம் கையிலேயே இருந்தது. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை.

ஆட்சேபித்தால்தான் தடை என்ற பழைய ஏற்பாட்டை அந்தத் தீர்ப்பு தலைகீழாக்கியது. இனி மூச்சு விடுபவர் கேட்க வேண்டியதில்லை, ஆட்சியரும் காவல்துறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் அதன் சாரம்.

பிறகு நடந்தவை வேகமானவை. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் தடை விதித்தது: அரங்குகள், மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், அரசு அலுவலகங்கள், ரயில் உள்ளிட்ட பொதுப் போக்குவரத்து. தமிழ்நாடு புகைபிடித்தலையும் துப்புதலையும் சேர்த்துத் தடுக்கும் சட்டத்தை 2002-இல் கொண்டுவந்தது. 2003-இல் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன் விதிகள் 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் நடைமுறைக்கு வந்தன. அப்போதைய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ் பல பக்கத்திலிருந்தும் வந்த நெருக்குதலுக்கு மசியாமல் நின்றார் என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம். சிகரெட் கம்பெனியும் ஓட்டல் தரப்பும் இடைக்காலத் தடை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போயின. கிடைக்கவில்லை.

ஆனாலும் மத்தியச் சட்டம் எர்ணாகுளத் தீர்ப்பைவிட ஒரு படி இறங்கித்தான் நிற்கிறது. திறந்தவெளியை அது பொது இடக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போன்ற இடங்களை மட்டும் விதிகள் மறுபடி உள்ளே கொண்டுவந்தன. இந்தச் சலுகையின் பொருள் என்ன என்று அறிய வேண்டுமானால் மட்டாஞ்சேரிக்கு வர வேண்டும்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கடைக்கும் தெருவுக்கும் நடுவில் எல்லை என்று ஒன்று கிடையாது. மிளகு, சுக்கு மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளின் வாசல் நேராகத் தெருவில் திறக்கிறது. லாரியிலிருந்து சரக்கு இறக்கும் தொழிலாளர்கள் ஓய்வுக்கு ஒதுங்குவது அந்த வாசற்படியில்தான். இரண்டு கிடங்குகளுக்கு இடையில் ஒரு தேநீர்க் கடை. அதன் முன்பக்கப் பலகையில் மிட்டாய் பாட்டில்கள், பழக்குலை, சிகரெட் பெட்டிகள். ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கடைத் தூணில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று தொங்கும், அதன் நுனியில் நாள் முழுக்கக் கனல் இருக்கும். பீடி வாங்கியவர் குனிந்து அதில் பற்றவைத்துக்கொண்டு நகர்வார். இப்போது கயிறு போய், நூலில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. பற்றவைப்பவர் நிற்பது திறந்தவெளியில், அதாவது சட்டத்தின் வெளியே. அவர் விடும் புகை கடற்காற்றில் இரண்டடி நகர்ந்து போய்ச் சேருவது கடைக்குள், அதாவது சட்டத்தின் உள்ளே. அங்கே பெஞ்சில் ஒரு தாய் குழந்தைக்குப் பழம்பொரி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "சேட்டா, குழந்தை இருக்கு" என்கிறாள். சேட்டன் தலையாட்டிவிட்டு, இரண்டு இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டு நகர்கிறார். கல்லாவில் இருப்பவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் தலைக்கு மேலே, புகைபிடிப்பது குற்றம் என்ற பலகை அடுப்புக் கரியேறித் தொங்குகிறது.

இந்தக் காட்சியில் யார் குற்றவாளி? நம் காவல்துறையைக் கேட்டால் பீடி பிடித்தவரைக் காட்டும். நாம் கல்லாவைக் காட்டுகிறோம்.

2008-ஆம் ஆண்டு விதிகளின் மூன்றாம் விதியைப் படித்துப் பாருங்கள். பொது இடத்தின் உரிமையாளர், மேலாளர், மேற்பார்வையாளர் அல்லது பொறுப்பாளர், அங்கே யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையாத பலகையை வாயில்தோறும் வைக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் கொடுக்கக் கூடாது. புகார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பெயரை எழுதிவைக்க வேண்டும். புகார் வந்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கே எத்தனை பேர் புகைபிடித்தார்களோ அத்தனை பேருக்கான தண்டத்தையும் அவரே கட்ட வேண்டும். பத்துப் பேர் பிடித்தால் பத்து மடங்கு. தெளிவாக எழுதப்பட்ட விதி. மேலும், தண்டம் விதிக்கும் அதிகாரம் காவலருக்கு மட்டும் இல்லை. பள்ளித் தலைமையாசிரியர், நூலகர், அஞ்சலக அதிகாரி, ரயில் நிலைய அதிகாரி, மருத்துவமனை நிர்வாகி என்று அந்தந்த இடத்தின் பொறுப்பில் உள்ளவர் கையிலேயே ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இடத்தைக் காப்பவரே காற்றையும் காக்கட்டும் என்பதுதான் விதியின் எண்ணம்.

புகார் கேட்க வேண்டியவரின் பெயர் எழுதிய பலகையை நீங்கள் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்? நூறு ஓட்டலுக்குள் நுழைந்து பார்த்தாலும் கண்ணில் படுமா என்பது சந்தேகம். பலகை இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. ஆகவே பழைய ரயில்வே சட்டத்தின் நாட்களுக்கே சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டோம். குழந்தையை மடியில் வைத்திருப்பவள்தான் மறுபடியும் கேட்க வேண்டும். கேட்டால் அவள் வம்புக்காரி, கேட்காவிட்டால் அந்தக் குழந்தையின் நுரையீரல்.

பொறுப்பாளரைப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 2004 மார்ச் 29 முதல் அந்த நாடு பணியிடங்கள் அனைத்திலும், மதுக்கூடங்கள் உட்பட, புகையைத் தடைசெய்தது. மதுக்கோப்பையும் சிகரெட்டும் பிரியாத நாடு அது, கடைகள் இழுத்து மூடப்படும், கலவரம் வரும் என்றெல்லாம் சொன்னார்கள். எதுவும் நடக்கவில்லை. தண்டம் 3,000 யூரோ வரை, புகைபிடித்தவருக்கு மட்டுமல்ல, கடையை நடத்துபவருக்கும். கடைக்காரரே எழுந்து வந்து, வெளியே போய்ப் பிடியுங்கள் என்றார். அவ்வளவுதான், வாடிக்கையாளர் எழுந்து போனார். அந்தச் சட்டம் யாருக்காக வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். குடிக்க வந்தவருக்காக அல்ல, கோப்பை கழுவி, மேசை துடைத்து, இரவு முழுக்க அந்தப் புகையில் நிற்கும் பணியாளருக்காக. சிங்கப்பூர் இன்னும் முந்தியது. பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் 1970-இலேயே தடை வந்துவிட்டது. நம் ஊர் ஓட்டலில் இலை எடுக்கும் பையனுக்கும், பாரில் சோடா உடைக்கும் வடநாட்டுத் தொழிலாளிக்கும் நுரையீரல் ஒன்றுதானே? அவர்கள் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் திறப்பதில்லை.

30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஓட்டலிலும், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகத்திலும், விமான நிலையத்திலும் புகைபிடிக்கத் தனி அறை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. வசதியுள்ளவர் கண்ணாடி அறைக்குள், காற்றை வெளியே இழுக்கும் விசிறிகளுக்குக் கீழே, சட்டப்படி புகைக்கலாம். மூட்டை இறக்கிய களைப்பில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பீடி பிடிப்பவருக்கு 200 ரூபாய் தண்டம். அவருக்கு அது அன்றைய சோற்றுக் காசில் ஒரு பங்கு. அந்தக் கண்ணாடி அறையைச் சுத்தம் செய்யப் போகும் பணியாளரும் ஏழைதான். இரண்டு பக்கமும் அடிபடுவது ஏழை. இந்தத் தனி அறைச் சலுகையை எடுத்துவிட வேண்டும் என்று மத்திய அரசே ஒரு திருத்த வரைவைத் தயாரித்து 2021 தொடக்கத்தில் கருத்துக் கேட்டது. தண்டத்தை உயர்த்துவதும், வாங்கும் வயதை 21 ஆக்குவதும் அதில் இருந்தன. வரைவு வரைவாகவே கிடக்கிறது. கர்நாடகம் காத்திருக்காமல் தன் மாநிலத்துக்குத் திருத்தம் செய்து 2025-இல் தண்டத்தை 1,000 ரூபாயாக்கியது, வயதை 21 ஆக்கியது. பழைய 278-ஆம் பிரிவுகூடப் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 280 ஆக மாறியபோது 1,000 ரூபாய் தண்டம் பெற்றுவிட்டது. புகைக்கென்றே எழுதப்பட்ட மத்தியச் சட்டம் மட்டும் 200-இல் நிற்கிறது.

புகைபிடிப்பவரின் சுதந்திரம் என்ன ஆவது என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையாகக் கேட்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பதில்: பிடியுங்கள், யாரும் உங்கள் கையைத் தட்டிவிடவில்லை. உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. அந்தப் பழக்கத்தை விடுவது எவ்வளவு கடினம் என்பதும் நமக்குத் தெரியும், விட முயன்று தோற்றவரை இழிவாகப் பேசுவது நம் நோக்கமல்ல. ஆனால் பேருந்தில் நாற்பது பேர் மூச்சு விடும் காற்று உங்கள் சொத்து அல்ல. அதில் கைவைக்க உங்களுக்கு உரிமை இருந்ததே இல்லை, 1999-இல் யாரும் அதைப் பறிக்கவும் இல்லை.

அடுத்து வருவது பீடித் தொழிலாளர் பேச்சு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் கடையத்திலும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, நூல் சுற்றும் பெண்களின் விரல்களில்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. அந்தத் தூள் அவர்களின் மூக்கிலும் நெஞ்சிலும்தான் போய் இறங்குகிறது. கம்பெனிகள் இந்தப் பெண்களை முன்னால் நிறுத்திக் கொண்டு, எங்களைத் தொடாதே என்கின்றன. அவர்கள் மேல் உண்மையான அக்கறை இருந்தால் கூலியிலும் மருத்துவத்திலும் அது தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணூர் வேறு வழி காட்டியது. பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரளம் அமல்படுத்தப் புறப்பட்டபோது தனியார் கம்பெனிகள் கதவை மூடிக்கொண்டு போயின. வேலையிழந்தவர்களைச் சேர்த்து 1969-இல் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் உருவானது. உச்சத்தில் 42,000 பேருக்கு அது வேலை கொடுத்தது. ஒருவர் நாளிதழும் புத்தகமும் உரக்கப் படிக்க, மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள் என்பது அந்தக் கூடங்களின் பெருமை. பீடிக்கு எதிர்காலம் இல்லை என்று புரிந்ததும், 1990-களின் பிற்பகுதியிலேயே சங்கம் தேங்காய்ப் பால், மசாலாப் பொடி, குடை என்று வேறு தொழில்களில் இறங்கியது. பழைய 42,000 பேருக்கும் அதில் இடம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தொழிலாளியைக் கைவிடாமல் தொழிலைக் கைவிடலாம் என்ற எண்ணத்தோடு ஒரு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் முயன்றது. தமிழ்நாட்டில் அரசு அதில் பத்தில் ஒரு பங்கு முயற்சியாவது எடுத்திருந்தால் முக்கூடல் பெண்ணின் மகளும் இன்று முறத்தை எடுத்திருக்க மாட்டாள்.

முயற்சி ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை கஜானாவில் இருக்கிறது. இது பழைய நோய். யாழ்ப்பாணப் புகையிலை தோணியேறி மலையாளக் கரைக்கு வந்த காலத்தில் திருவிதாங்கூர், கொச்சி அரசுகள் அதன் விற்பனையைத் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தன. அரண்மனை வருமானத்தில் அது பெரிய வரவு. திருவிதாங்கூரில் அந்த ஏகபோகம் 1860-களில்தான் ஒழிந்தது. அதே கொச்சி அரசர்களின் அரண்மனையில் உட்கார்ந்த நீதிபதிகள் புகைக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள் என்பதில் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் கஜானாவின் பழக்கம் போகவில்லை. சிகரெட் வரி இன்றும் அரசுகளுக்கு இனிக்கிறது. வரி போடுவது சரியே, விலை ஏறினால் வாங்குவது குறையும். ஆனால் பொதுத்துறையின் எல்ஐசி, நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐடிசியில் பெரும் பங்குகளை வைத்திருக்கிறதே, அது எந்தக் கணக்கில் சேரும்? உயிருக்குக் காப்பீடு விற்கும் நிறுவனம் உயிரைக் குறைக்கும் சரக்கில் லாபப் பங்கு வாங்குகிறது. பொது இடங்களிலேயே மிகப் பெரிய இடத்தின் பொறுப்பாளர் அரசு. நம் தேநீர்க் கடைக்காரர் செய்தித்தாளில் முகத்தை மறைத்ததுபோல அதுவும் முகத்தை மறைத்துக்கொள்கிறது. அந்தக் கடைக்காரரைவிட அரசுக்கு மன்னிப்பு குறைவாகவே கிடைக்க வேண்டும். ஏனென்றால் அதற்கு எல்லாம் தெரியும்.

சட்டத்தால் பயன் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அரசின் சொந்தக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் புகையிலை உபயோகிக்கும் பெரியவர்கள் 2009-10-இல் 21.4 சதவீதம். 2016-17-இல் 12.7 சதவீதம். ஏழே ஆண்டுகளில் இவ்வளவு சரிவு. படகில் எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும்போது இன்று யாரும் பற்றவைப்பதில்லை. பேருந்திலும் இல்லை. நடத்துநரும் படகுப் பணியாளரும் விடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பொறுப்பாளர் விழித்திருக்கும் இடத்தில் சட்டம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வீட்டுக்குள் சட்டம் வராது, வரவும் கூடாது. ஆனால் எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவில் வாத்துருத்தியில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஒரே அறையில் பல பேராகக் குடியிருக்கும் வரிசை வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் படுத்தபடி பீடி பிடித்தால் அறையே பிடிக்கிறது. ஹிராயாமா கண்ட மனைவியரின் கதை அங்கே தினமும் நடக்கிறது. அங்கே தண்டம் உதவாது. மூத்தவர்கள், அங்குள்ள சங்கத்தார், கோயில் கமிட்டியார் பேச வேண்டும். அண்ணாச்சி, வாசலுக்கு வெளியே போய்ப் பிடிங்க என்று ஒரு தம்பி சொன்னால் அது மரியாதைக் குறைவு ஆகாது என்ற வழக்கத்தை அவர்கள்தான் உண்டாக்க முடியும்.

அரசிடம் நாம் கேட்பது புதிய சட்டம்கூட அல்ல. எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் ஒவ்வொரு ஆண்டும் ஒரு கணக்கை வெளியிடட்டும்: பொது இடத்தில் புகைபிடித்ததாக எத்தனை பேரிடம் தண்டம் வாங்கப்பட்டது, அந்த இடங்களின் பொறுப்பாளர்கள் எத்தனை பேரிடம் வாங்கப்பட்டது. இரண்டாவது எண் பூஜ்யமாக இருக்குமானால் முதல் எண்ணைக் காட்டிப் பெருமைப்பட யாருக்கும் தகுதியில்லை. உணவகத்துக்கும் பாருக்கும் உரிமம் புதுப்பிக்க வரும்போது, புகார் கேட்பவரின் பெயர் எழுதிய பலகையின் படத்தை மாநகராட்சி கேட்டு வாங்கட்டும். கடைத் தூணில் தொங்கும் லைட்டரைச் சுகாதார ஆய்வாளர் அவிழ்த்து எடுத்துப் போகட்டும். கடைவாசலைத் திறந்தவெளி என்று விட்டுவிடாமல், 1999 தீர்ப்பு தெருவையும் பூங்காவையும் எப்படிப் பார்த்ததோ அப்படியே பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-ஆம் பிரிவை வைத்து மாநிலம் பார்க்கட்டும். ஓட்டல்களின் புகை அறைகளை மூட மத்திய அரசு தன் வரைவைத் தூசி தட்டி எடுக்கட்டும். எல்ஐசி தன் ஐடிசி பங்குகளை விற்றுவிட்டு வெளியே வரட்டும்.

பஜார் ரோட்டுத் தேநீர்க் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. சேட்டா, அடுத்த முறை அந்தத் தாய் வாய் திறப்பதற்கு முன்பே நீங்கள் எழுந்து வந்து சொல்லுங்கள். சட்டம் உங்களிடம் கேட்பது அவ்வளவுதான்.